அறுபத்தேழாம் எண் புத்தகம்

நோட்டில் அறுபத்தேழாம் எண்ணுக்கு நேரே யாரோ பென்சிலால் ஒரு டிக் அடித்திருந்தார்கள். சின்ன டிக், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பாக்யலட்சுமி உற்றுத்தான் பார்த்தாள். சண்முகப்பிரியா டீச்சர் சரிபார்த்திருப்பார் என்று தனக்குத்தானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். அந்த இடத்தில் இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய வேலையே எனக்கு இருந்திருக்காது.

அது என்ன நோட்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே படித்துச் சென்னையில் குடியேறிவிட்ட ஒருவர் நான்கு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம் அனுப்பிவைத்தார். இருநூற்றுச் சொச்சம். பூராவும் ஆறாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கான கதையும் கட்டுரையும். தலைமையாசிரியர் மணிவண்ணனுக்கு ஒரு நாள் முழுக்க ஒரே சந்தோஷம். மறுநாள் பயம் பிடித்துக்கொண்டது. போன வருஷம் ஒரு கதையில் முத்தம் என்று ஒரு வார்த்தை இருந்ததற்காக ஒரு பையனின் அப்பா பள்ளிக்கூட வாசலில் சாயங்காலம் வரை நின்று சத்தம் போட்டிருந்தார். மணிவண்ணன் நல்ல மனிதர். ஆனால் வம்பு வடக்கே வருகிறது என்றால் தெற்கே பஸ் ஏறிவிடுகிற ரகம்.

"பெத்தவங்கள்ல ஒருத்தர் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் புத்தகம் பீரோவை விட்டு வெளிய வரும்" என்று அவர் ஒரு ஏற்பாடு செய்தார். பெற்றவர்களில் ஒருவர் என்றால் வேறு யார்? பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி பாக்யலட்சுமிதான்.

பாக்யலட்சுமிக்கு முப்பத்தேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். ஒரு ஏக்கர் முந்திரிக்காடு, இரண்டு பசுமாடு, எட்டாவது படிக்கிற மகள் சிந்து. புருஷன் பிரேம்குமார் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன். அவளிடம் இதுவரை எவரும் எதிலும் அபிப்பிராயம் கேட்டதில்லை. மாட்டை விற்கும்போதுகூடக் கேட்டதில்லை. இப்போது இருநூறு புத்தகத்தைக் கொண்டுவந்து எதிரே வைத்து, நீங்கள் சொல்வதுதான் முடிவு என்கிறார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டாள்.

நூறு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினாள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண். கொடுக்கலாம் என்றால் ஒரு வரி. கூடாது என்றால் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று விவரமாக எழுதினாள், நாளைக்கு யாராவது ஏன் என்று கேட்டால் பதில் இருக்க வேண்டுமே. ராஜாக்கள் வரலாறு ஒன்றை, ராணிகள் அதிகம் என்று ஒன்பதாவதுக்கு மேல் தள்ளிவைத்தாள். வாத்தியாருக்கு வழுக்கை என்று ஒரு பையன் கேலி செய்யும் கதையை, மரியாதைக் குறைவு என்று ஒதுக்கினாள். உடம்பைப் பற்றிய அறிவியல் புத்தகத்தின் பதினோராம் பக்கத்துப் படத்தைப் பார்த்தவள், அட்டையை மூடிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆகாத இடம் என்று ஒன்று உறுதிப்பட்டுவிட்டால் அத்தோடு நிறுத்திவிடுவாள். புத்தகத்தின் மிச்சத்தைப் புரட்டமாட்டாள். நூலகத்தைக் கவனித்துக்கொண்ட தமிழ் டீச்சர் சண்முகப்பிரியா ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"அக்கா, முழுசாப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்களேன். கடைசியில எங்க கொண்டுபோய் விடுறாங்கன்னு பாக்க வேணாமா?"

"சோத்துல கல்லு கடிபட்டா துப்பிட்டு எந்திரிச்சிடுறோம் டீச்சர். மிச்சத்தையும் மென்னு பாத்துட்டா எந்திரிக்கிறோம்?"

டீச்சர் சிரித்துவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்து நீட்டினார். பாக்யலட்சுமிக்கு அன்றைக்கு நடையே வேறாக இருந்தது.

எந்தப் புத்தகம் யாருக்கு என்று ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ள வசதியாக அந்த நோட்டை நூலக பீரோவின் கைப்பிடியில் ஒரு சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். தவறு அங்கேதான் நடந்தது. புத்தகங்கள் பூட்டுக்குள் இருந்தன. அவற்றில் இருக்கிற ஆகாத சமாச்சாரம் மட்டும் பொறுக்கி எடுக்கப்பட்டு, பக்க எண்ணோடு, தெளிவான கையெழுத்தில் வெளியே தொங்கியது. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? சாப்பாட்டு மணி அடித்ததும் பீரோவைச் சுற்றி ஒரே தலையாக இருக்கும். ஒருத்தி படிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள்.

"அக்கா, பிள்ளைங்க புத்தகத்தை எடுக்கறதை விட்டுட்டு நோட்டையே படிக்கிறாங்க. எனக்கு என்னமோ சரியாப் படல" என்றார் டீச்சர்.

"படிக்கட்டுமே. எது தப்புன்னு தெரிஞ்சுக்கட்டும்."

இப்படிச் சொன்னதை நினைத்துப் பின்னால் அவள் எத்தனை முறை நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

அறுபத்தேழாம் எண், பச்சை அட்டை போட்ட ஒரு சிறு நாவல். புரட்டாசி முடிகிற சமயம், ஒரு மத்தியானம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். இருபது பக்கம் போவதற்குள் காது இரண்டும் சூடாகிவிட்டது. கதையில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். அப்பா லாரி டிரைவர். மாதக்கணக்கில் வீட்டுக்கு வரவில்லை. கேட்டால் அம்மா, தூரத்து லோடு, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

பிரேம்குமார் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பெரம்பலூரைத் தாண்டிக் குரும்பலூரில் வேறொரு பெண்ணோடு இருந்தான். இது பாக்யலட்சுமிக்குத் தெரியும், அவள் அண்ணனுக்குத் தெரியும், ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். சிந்துவுக்கு மட்டும் தெரியாது என்று பாக்யலட்சுமி நம்பியிருந்தாள். "ஆந்திரா லோடு பாப்பா. அங்கருந்து அப்படியே வடக்க அனுப்பிடுறாங்களாம்" என்று சொல்லிவைத்திருந்தாள். தீபாவளிக்கு வந்துவிடுவார் என்றும் சொல்லியிருந்தாள்.

யாரோ முகம் தெரியாத எழுத்தாளர் தன் வீட்டு ஓட்டைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி அவளுக்குக் கோபம் வந்தது. அவமானமும் வந்தது. அழுகையும் வந்தது, அதை மட்டும் மாட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அடக்கிவிட்டாள். ஐம்பத்திரண்டாம் பக்கம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். அதற்கு மேல் முடியவில்லை. பட்டென்று மூடிவிட்டு நோட்டை எடுத்து எழுதினாள்.

பக்கம் 19, அப்பா ஏன் வருவதில்லை என்பதை அம்மா மகளிடம் மறைக்கிறாள். பக்கம் 27, அம்மா பால் கறக்கும் நேரம் பார்த்து மகள் அம்மாவின் செல்போனைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறாள். பக்கம் 34, அப்பா இருக்கும் ஊரைக் கண்டுபிடிக்கிறாள். பக்கம் 41, பையில் மாற்றுத் துணி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவதாகப் பொய் சொல்லிக் கிளம்புகிறாள். பக்கம் 46, பஸ் மாறி மாறிப் போகிறாள். பக்கம் 52, அப்பாவைத் தெரியும் என்று சொல்லும் ஒரு லாரிக்காரரை நம்பி வண்டியில் ஏறுகிறாள். மேற்கொண்டு படிக்கவில்லை. எந்த வகுப்புக்கும் கூடாது.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. மற்ற எந்தப் புத்தகத்துக்கும் அவள் இவ்வளவு விவரமாக எழுதியதில்லை.

முதல் டிக் விழுந்தது அதற்கு அடுத்த வாரம். பத்தொன்பதாம் பக்கத்துக்கு நேரே. அதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

அதற்கு அடுத்த வாரம் இரண்டாவது டிக். அன்றைக்குப் பாக்யலட்சுமி நோட்டைக் கயிற்றோடு தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பக்கத்தின் ஓரம் அழுக்கேறி, தொட்டுத் தொட்டு மழுங்கிப்போயிருந்தது. மற்ற பக்கங்கள் அப்படி இல்லை.

"டீச்சர், இது நீங்க போட்டதா?"

"நான் நோட்டைத் தொடறதே இல்லக்கா. பிள்ளைங்க யாராச்சும் கிறுக்கியிருக்கும்."

கிறுக்கல் மாதிரித் தெரியவில்லை. யாரோ வேலையை முடித்துவிட்டுக் குறித்துவைத்த மாதிரி நேராக இருந்தது. யார் வீட்டுப் பிள்ளையோ, எந்த வீட்டில் என்ன பிரச்சினையோ, அடுத்த கூட்டத்தில் சொல்லி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். தன் வீட்டுப் பிள்ளையை மட்டும் அந்த வரிசையில் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை பால் கறந்துவிட்டு வந்தபோது, அரிசி டிரம் மேல் வைத்துவிட்டுப் போன செல்போன் ஜன்னலோரம் இருந்தது. சிந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"போனை எடுத்தியா பாப்பா?"

"மணி பாத்தேம்மா."

சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பாக்யலட்சுமி அதைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். சிந்து ரிப்பனைப் பல்லில் கடித்தபடி கண்ணாடியில் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கேள்வி ஏதும் இல்லை. கேட்க வேண்டியதை எல்லாம் வேறெங்கோ கேட்டு முடித்துவிட்ட பார்வையாக இருந்தது. பாக்யலட்சுமி வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். குரும்பலூர் என்ற ஒரே ஒரு வார்த்தை போதும். தோசை கருகுகிறது என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சிந்துவின் பை புடைத்துக்கொண்டிருந்தது.

"என்னடி இது, மூட்டை மாதிரி?"

"ஸ்போர்ட்ஸ் டிரஸ்ம்மா. இன்னிக்கு ஓட்டப்பந்தயத்துக்கு ஆள் எடுக்கிறாங்க. போயிட்டு வரேன்."

"சாயங்காலம் மழை வரும்போல இருக்கு. நேரா வூட்டுக்கு வந்துடு."

வாசலில் செருப்பை மாட்டியவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஏதோ மறந்துவிட்டாள் என்றுதான் பாக்யலட்சுமி நினைத்தாள்.

பத்தே முக்காலுக்கு டீச்சரிடமிருந்து போன் வந்தது. "அக்கா, சிந்துவுக்கு உடம்பு சரியில்லையா? வகுப்புல இல்லையே."

அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள். செருப்புக்கூடப் போடாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. நேராக நூலகத்துக்குள் போய்க் கயிற்றில் தொங்கிய நோட்டைப் பிடித்து அறுபத்தேழாம் எண்ணைப் புரட்டினாள்.

நான்கு டிக் இருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கம் வரைக்கும். நான்காவதை நேற்றைக்கே போட்டிருக்க வேண்டும், பென்சில் அழுத்தமாக விழுந்திருந்தது.

சிந்துவின் பக்கத்தில் உட்காருகிற அபிநயாவை டீச்சர் அழைத்துவந்தார். அந்தப் பெண் வந்ததும் அழுதுவிட்டாள்.

"அவங்க அப்பா குரும்பலூர்ல இருக்காருன்னு சொன்னா அத்தை. போன்ல உங்க அண்ணனுக்கு நீங்க பேசி அனுப்பின மெசேஜை எல்லாம் கேட்டுட்டாளாம். அப்பாவைப் பாத்து ஒரே ஒரு தடவை பேசிட்டு வந்துடுறேன்னா. ஜெயங்கொண்டம் போயி, அரியலூர் போயி, அங்கருந்து லாரியில போயிக்கிறேன்னா."

"லாரியிலயா? பஸ்ஸு இருக்கேடி. ஏன்டி லாரி?"

"நோட்டுல அப்படித்தானே அத்தை போட்டிருக்கு. குரும்பலூர்ல எந்தத் தெருன்னு அவளுக்குத் தெரியாது. லாரிக்காரங்களுக்கு அப்பாவைத் தெரியும்ல, கேட்டுக்கலாம்னா."

டீச்சர் பாக்யலட்சுமியின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். தன் மகளை அனுப்பிவைத்தது யார் என்று அவளுக்கு அப்போது சந்தேகமே இல்லை. எந்த நேரத்தில் போனைப் பார்க்க வேண்டும், பையில் என்ன வைக்க வேண்டும், எங்கே ஏற வேண்டும் என்று ஒவ்வொரு அடியும் அவள் கையெழுத்தில் இருந்தது. வழி சொல்லி அனுப்பிய பெற்ற தாய் அவள்தான்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு பிரேம்குமாரின் எண்ணை அழுத்தினாள். மூன்றாவது ரிங்கில் எடுத்தான்.

"சிந்து அங்க வந்துச்சா?"

"இங்கயா? இங்க எதுக்கு வரா? என்னா பாக்யா சொல்ற?"

"உன்னைத் தேடிக்கிட்டுத்தான் வரா. அரியலூருல லாரி ஏறுறேன்னு சொல்லியிருக்கா. உனக்குத் தெரிஞ்ச டிரைவருங்க அத்தனை பேருக்கும் போனைப் போடு."

"சிமெண்ட் லோடு நேரம் பாக்யா. ரோட்டுல முன்னூறு லாரி ஓடும். பாதிப் பேரு வெளியூருக்காரன்" என்றான்.

போலீசுக்குச் சொன்னார்கள். அரியலூரிலிருந்து சுகன்யா என்கிற பெண் எஸ்.ஐ. போனில் வந்தார். நிதானமான குரல். என்ன நிறச் சட்டை, என்ன உயரம், செல்போன் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தவர் அபிநயாவிடமும் பேசினார். பிறகு மறுபடி பாக்யலட்சுமியிடம் வந்தார்.

"ஏம்மா, பொண்ணு ஒரு கதையைப் பாத்துத்தான் போயிருக்குன்னா, அந்தக் கதையில அப்புறம் என்ன வருது? லாரியில ஏறினதுக்கு அப்புறம் எங்க போவுது அந்தப் பொண்ணு?"

பாக்யலட்சுமி நோட்டைப் பார்த்தாள். மேற்கொண்டு படிக்கவில்லை என்று அவளே எழுதியிருந்தாள்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"தெரியாதுங்க மேடம். நான் அதுக்கு மேல படிக்கல."

பீரோ சாவி மணிவண்ணனிடம் இருந்தது. அவர் ஏதோ கூட்டத்துக்கு அரியலூர் போயிருந்தார். டீச்சர் வெளியே போய் ஒரு பெரிய கல்லை எடுத்துவந்து பூட்டை உடைத்தார். ஆகாதவை என்று கீழ்த்தட்டில் அடுக்கியிருந்ததில் பச்சை அட்டையை உருவி, ஐம்பத்திரண்டாம் பக்கத்தைப் பிரித்து, போன் எதிரே பிடித்துக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் அந்தப் பெண் லாரியில் ஏறி உட்காருகிறாள். டீச்சர் தாளைத் திருப்பினார். ஐம்பத்து மூன்றாம் பக்கத்தின் முதல் வரியிலேயே, எங்கப்பாவுக்கு எந்தப் புருவத்துல தழும்பு இருக்கும் அண்ணே, என்று அந்தப் பெண் டிரைவரிடம் கேட்கிறாள். அவன் யோசிக்கிறான். இடது பக்கம் என்கிறான். அப்பாவுக்குத் தழும்பே கிடையாது. கேட்டது சும்மா, அவனைச் சோதித்துப் பார்க்கத்தான். வண்டி இன்னும் கிளம்பவில்லை. தண்ணீர் பாட்டிலை மறந்துட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கி, எதிரே பூ விற்கிற பெண்களிடம் ஓடி நின்றுகொள்கிறாள். அவர்கள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். தெரியாத ஆள் தெரிந்தவன் மாதிரிப் பேசினால் என்ன கேட்க வேண்டும், யார் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்று அந்த எழுத்தாளர் ஒன்றரைப் பக்கம் பொறுமையாக எழுதியிருந்தார். புத்தகம் எழுதப்பட்டதே அதற்காகத்தான் என்பது டீச்சர் படிக்கப் படிக்க விளங்கியது.

"நல்லது. பொண்ணு இதைப் படிச்சிருக்கும்ல?" என்றார் எஸ்.ஐ.

"இல்லைங்க மேடம்" என்றாள் பாக்யலட்சுமி. "புத்தகத்தை நான் பூட்டி வச்சுட்டேன். அவ நோட்டைத்தான் படிச்சா. நோட்டுல ஏறுறது வரைக்கும்தான் இருக்கு."

மதிய உணவு மணி அடித்தது. பீரோவைத் தேடி ஓடிவந்த பிள்ளைகள் கதவருகே நின்றுவிட்டார்கள்.

அரியலூர் போய்ச் சேர்வதற்குள் அவள் பட்ட பாட்டை எழுதிக் காட்ட முடியாது. டீச்சரும் கூடவே பஸ்ஸில் வந்தார். எதிரே வருகிற ஒவ்வொரு லாரியின் கேபினுக்குள்ளும் பாக்யலட்சுமியின் கண் போய்வந்தது. எல்லா லாரியும் ஒரே மாதிரி வெள்ளைத் தூசி பூசிக்கொண்டிருந்தன. எல்லா டிரைவரும் ஒரே மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டு ஓட்டினார்கள். செங்கல் ஏற்றிய வண்டி ஒன்று ஓரமாக நின்றிருந்ததைப் பார்த்ததும் பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். கண்டக்டர் ஏதோ சொல்ல வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். வண்டியில் ஆளே இல்லை. டிரைவர் டயர் மாற்ற இறங்கியிருந்தான்.

மூன்றரை மணிக்குத் தகவல் கிடைத்தது. பெரம்பலூர் ரோட்டிலிருந்து பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பிரிகிற மண்பாதையில், நூறு நாள் வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு காலில் மட்டும் செருப்பு. கேட்டதற்கு ஊர் பேர் சொல்லியிருக்கிறாள், வேறு எதுவும் சொல்லவில்லை. அந்தப் பாதையில் எந்த லோடு லாரிக்கும் வேலை கிடையாது. சுரங்கம் மூடி வருஷக்கணக்காகிறது. உள்ளே தண்ணீர்தான் நிற்கிறது.

மகளிர் காவல் நிலையத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சிந்துவை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். எஸ்.ஐ. சுகன்யாவும் சிந்துவும் மட்டும் உள்ளே. பிரேம்குமார் வெளியே பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தான். பாக்யலட்சுமி மறுமுனையில் உட்கார்ந்தாள். அவனைத் திட்ட வேண்டும் என்று ஐந்து மாதமாகச் சேர்த்துவைத்திருந்த பேச்சு அத்தனையும் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"நீ அவகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாம்" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

"நீ வந்திருக்கலாம்" என்றாள் அவள்.

நாற்பது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. எஸ்.ஐ. வெளியே வந்து கதவைப் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டார்.

"ஓடுற வண்டியில இருந்து குதிச்சிருக்கா. கை, முழங்கால் எல்லாம் சிராய்ப்பு. வண்டி நம்பர்ல நாலு எழுத்து ஞாபகம் வச்சிருக்கா, கெட்டிக்காரப் பொண்ணு. ஆளைத் தேடிக்கிட்டு இருக்கோம். இப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். லேடி டாக்டர் வராங்க."

"குதிக்கிற அளவுக்கு என்னங்க மேடம் நடந்துச்சு?"

எஸ்.ஐ. தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். "எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா. எழுதிக்கிட்டேன். அதிகாரியா நான் உங்களுக்குச் சொல்லித்தான் ஆகணும், சொல்லுவேன். ஆனா இப்ப வேணாம்னு பொண்ணு கேட்டுக்குது. முதல்ல போயிப் பாருங்க."

சிந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். யாருடையதோ ஒரு சால்வையைப் போர்த்தியிருந்தார்கள். முழங்காலில் மஞ்சள் மருந்து. பாக்யலட்சுமி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். சிந்துவும் அவளைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அழவில்லை. பாக்யலட்சுமிதான் அழுதாள், சத்தம் போட்டு, வெளியே இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.

அழுது ஓய்ந்ததும் கேட்டாள். சிந்து சொன்னாள். ஜெயங்கொண்டத்தில் கழிப்பறையில் துணி மாற்றியதைச் சொன்னாள். அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததைச் சொன்னாள். லாரிகள் நிற்கிற இடத்தில் நாலு பேரிடம் அப்பா பெயரைக் கேட்டதையும், மூன்று பேர் தெரியாது என்றதையும், நாலாவது ஆள் சிரித்துக்கொண்டே, பிரேமு பொண்ணா, ஏறு பாப்பா என்றதையும் ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள். வண்டிக்குள் ஊதுபத்தி வாசனை அடித்ததைக்கூடச் சொன்னாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

"அப்புறம்?"

சிந்து அம்மாவின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். வீங்கிய கண்ணையும், கலைந்த தலையையும், செருப்பில்லாத காலையும் பார்த்தாள். எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று அளந்து பார்க்கிற பார்வை. பதின்மூன்று வயசுக்கு அது இருக்கக் கூடாத பார்வை.

"அப்புறம் என்ன ஆச்சு பாப்பா? அம்மாகிட்ட சொல்லுடா."

"மேடம்கிட்ட சொல்லிட்டேம்மா" என்றாள் சிந்து. "நீ கேக்க வேணாம். உனக்கு ஒத்துக்காது."

அந்தக் குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. சால்வையின் நுனியை எடுத்து அம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். அவ்வளவு அக்கறையோடு தன் மகள் தன்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவாள் என்று பாக்யலட்சுமி நினைத்ததே இல்லை. திறக்கச் சொல்லிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.